கலிங்கின் மேல் ஒரு சைக்கிள் பாதை

என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இளவட்டங்கள் படித்தால் படிக்கட்டும்; நடுவில் புகுந்து, "தாத்தா, மேப்புல அப்படி இல்லையே" என்று மட்டும் சொல்லக்கூடாது.

போன மாதம் என் பேரன் திருச்சியிலிருந்து நாலு சிநேகிதர்களோடு வந்தான். ஆளுக்கு ஒரு சைக்கிள், தலையில் ஹெல்மெட், கையில் உறை. லாரி வராத சரளைப் பாதையாகத் தேடித்தேடி ஓட்டுவதுதான் இப்போது அவர்களுக்குப் பொழுதுபோக்காம். கொள்ளிடக் கரையில் ஏறி, வாய்க்கால் கரையைப் பிடித்து, எங்கள் பெரிய ஏரிக்கரை வழியாகக் கோரைக்காட்டுக்குள் இறங்கி, அந்தப் பக்கம் ஏறியிருக்கிறார்கள். வழி முழுக்க ஒரு ஹாரன் சத்தம் கிடையாதாம். பேரன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். "தாத்தா, சூப்பர் ரூட்டு. நாங்கதான் மொதல்ல கண்டுபிடிச்சோம்!"

திரையில் ஒரு நீலக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த எரிச்சலில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். கண்டுபிடித்தார்களாம்! அந்த நீலக்கோட்டில் முந்நூறு அடிக்கு, இவன் அப்பன் பிறப்பதற்கும் முன்னால், ஒற்றை ஆளாக நின்று கல் போட்டவன் நான். பன்னிரண்டு வயதில்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அஞ்சாம் வகுப்பு ஃபெயில். இன்றைக்குப் பெரம்பலூரில் எனக்கு மூன்று கடை. டிராக்டர் சாமானில் எது வேண்டுமென்றாலும், அரியலூர், ஜெயங்கொண்டத்திலிருந்து கூட என்னிடம்தான் வருவார்கள். இன்ஜினியர் படித்தவன் என் கடை வாசலில் நின்று, "ஐயா, இது எதுல மாட்டுறது?" என்று கேட்டிருக்கிறான். இதை நானேதான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் மருமகள் திருத்துவாள். விஷயத்தில் பிழை கிடையாது.

எங்கள் ஊர் திருமானூர்ப் பக்கம், ஏரிக்குக் கீழே. ஊரில் எட்டாவது வரைதான் பள்ளிக்கூடம். அக்கா எட்டாவதில் முதலாவதாக வந்தாள். ஒன்பதாவதுக்கு மறுகரை ஊருக்குப் போக வேண்டும். தார்ரோட்டில் சுற்றிப் போனால் பதினொரு மைல். கரும்பு லாரியும் பஸ்ஸும் இடித்துத் தள்ளும். ஏரிக்கரை மேல் போனால் நாலே மைல்.

பொம்பளைப் பிள்ளை தனியாகப் போகக்கூடாது, துணைக்கு ஒரு ஆண்பிள்ளை வேண்டும் என்றார் அப்பா. நான்தான் அஞ்சாவதில் கவிழ்ந்து சும்மா கிடந்தேனே.

"ஒனக்குத்தான் படிப்பு வரல. அவளையாவது கொண்டுபோயி வுடு" என்று தன்னுடைய சைக்கிளைக் கொடுத்தார். சீட்டில் உட்கார்ந்தால் எனக்குக் கால் எட்டாது. நின்றபடியே மிதிப்பேன். அக்கா கேரியரில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவாள். ஆறுகள், மலைகள், எந்த ராஜா எங்கே செத்தான், எல்லாம். எனக்குத் தெரிந்த படிப்பு முழுக்க முதுகுக்குப் பின்னால் கேட்டதுதான். இன்றைக்கும் கேளுங்கள், காவிரியின் துணையாறுகளை வரிசையாகச் சொல்வேன்.

கரை மேல் செம்மண் சரளை. சக்கரம் பொரியை மென்றாற்போல் சத்தமிட்டுக்கொண்டு போகும். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் தண்ணீரும் கோரையும். நாமக்கோழிகள் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருக்கும். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரமெல்லாம் கொக்கு எச்சம் பட்டு வெள்ளையாய் இருக்கும். அந்த நாற்றம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. எதிரே ஒரு வண்டி வராது. மாடு வந்தால் உண்டு.

எல்லாம் கரை முடிகிற வரைக்கும்தான். அங்கே முந்நூறு அடிக்குத் தாழ்வான களிமண் நிலம். அதுதான் எங்கள் ஏரியின் கலிங்கு. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அதன் மேல் வழிந்து ஓடும். கட்டிடம் கிடையாது, வெறும் மண். அதைத் தாண்டித்தான் மறுகரை ஊர்.

ஆவணியில் ஒரு மழை பெய்தது. அந்தக் களிமண்ணைப் பற்றி நான் என்ன சொல்ல! பத்தடி போனால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரம் நின்றுவிடும். குச்சியை விட்டு நோண்ட வேண்டும். காட்டாமணக்குக் குச்சி உள்ளே வெறும் பொந்து, ஒடிந்துபோகும். கருவேலங்குச்சி முள்ளோடு கையைக் கிழிக்கும். நோண்டி முடித்துப் பத்தடி தள்ளினால் மறுபடியும் அப்பும். தூக்கலாமென்றால் அது சைக்கிளா, எருமைக்கன்றா? அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளுவாள். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது முதல் மணி முடிந்திருக்கும். இடுப்பு வரை சேறு. பிள்ளைகள் சிரிக்கும். மழை நாளில் அம்மா போகவே விடமாட்டாள்.

ஒருநாள் பெரிய வாத்தியார் எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தினார்.

"இதப் பாரும்மா, இதோட எத்தனை நாள் வரல தெரியுமா? இன்னும் ஒரு வாரம் விட்டுப்போச்சுன்னா பேரை எடுத்துடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

அக்கா அழவில்லை. திரும்பி வரும்போது கேரியரில் படிக்கவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பகல் முழுக்க எனக்கு வேலை கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த பாய் கடையில்தான் கிடப்பேன். அவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர். பஞ்சர் ஒட்டுவதை அவரிடம்தான் பார்த்துப் பழகினேன். மறுநாளிலிருந்து அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தினேன். எங்கள் பக்கத்து மேட்டுக் காட்டில் உழும்போது சுக்கான்கல் புரளும். ஜனங்கள் பொறுக்கி வரப்போரம் குவித்து வைத்திருப்பார்கள், யாருக்கும் உபயோகமில்லை. சில கல்லில் நத்தைக்கூடு மாதிரி சுருள் சுருளாக இருக்கும். அதைச் சாக்கில் கட்டிக் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து கலிங்கில் கொட்டினேன். தார்ரோட்டில் கப்பி போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அடியில் பெரிய கல், அதன் மேல் சின்னக் கல், இடுக்கில் சரளை, தண்ணீர் தெளித்து இடி. இடிப்பதற்குத் திமிசுக்கட்டைக்கு எங்கே போவேன்? வீட்டிலிருந்து அம்மாவின் பழைய உலக்கையைக் கடத்தினேன். அம்மா ஒரு மாதம் அதைத் தேடினாள். பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டைகூடப் போட்டாள்.

ஒன்றரை சாண் அகலம், நாலு விரற்கடை உயரம், ஒரு சக்கரம் போனால் போதும். நேர் தவறக்கூடாது என்று கோரைக்கயிறு கட்டிப் போட்டேன். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து, உடைந்த இடத்தில் மறுபடியும் கொப்புளம். பாய் ஒருநாள் வழியில் மடக்கினார்.

"எங்கடா தம்பி போயிடுறே? மூஞ்சியெல்லாம் மண்ணு. புதையல் தோண்டுறியா?"

"ரோடு போடுறேன் பாய்."

"யா அல்லா! காண்டிராக்டு யாரு குடுத்தது?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

புரட்டாசி முடிவதற்குள் போட்டு முடித்தேன். இன்றைக்கு மிஷின் வைத்துப் போடுகிற ரோடு மூன்று மாதத்தில் பல்லை இளிக்கிறது. என் ரோட்டில் ஒரு கல் அசையாது.

ஐப்பசி அடைமழையில் நாங்கள் போனோம். இரண்டு பக்கமும் சேறு பளபளக்க, நடுவில் என் சரளை. அக்கா முதல் நாள் இறங்கி, நடந்து பார்த்துவிட்டு, மறுபடியும் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "போடா, போ" என்றாள். நான் நின்று மிதித்தேன். சக்கரம் மாட்டவே இல்லை. பின்னால் மறுபடியும் ஆறுகளும் மலைகளும் கேட்க ஆரம்பித்தன. கார்த்திகையில் ஏரி நிறைந்து கலிங்கின் மேல் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியபோதும், தண்ணீருக்கு அடியில் கறகறவென்று சக்கரம் போயிற்று. ஐப்பசி பிறந்து கார்த்திகை பாதி வரைக்கும் அவள் ஒருநாள்கூட விடவில்லை. அந்த மாதப் பரீட்சையில் கணக்கில் அவள்தான் முதல் என்று வாத்தியார் வாயால் சொன்னார்.

இங்கே நிறுத்திக்கொண்டால் எனக்கு நன்றாக இருக்கும்.

மறுகரைக்காரர்களுக்கு ஏரியின் உள்வாயில், தண்ணீர் பரவுகிற பக்கம், நிலம் உண்டு. தண்ணீர் ஒரு அளவுக்கு மேல் நின்றால் அவர்கள் பயிர் மூழ்கும். எங்களுக்கு ஏரிக்குக் கீழே நிலம். தண்ணீர் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவு நல்லது. கலிங்கை ஒரு விரல் உயர்த்தினாலும் இரண்டு ஊரும் அரிவாளைத் தேடும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. யாரும் சொல்லவில்லை. சைக்கிள் போக வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த வருஷ மழைக்கு உள்வாய் நிலம் மூழ்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுகரையிலிருந்து நாற்பது ஐம்பது பேர் வந்து கரையில் நின்றார்கள். எங்கள் ஊரும் திரண்டது.

"எங்க பயிரு அழுவுதுய்யா! ராத்திரியோட ராத்திரியா கலிங்க ஒசத்திப்புட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறீங்க!"

"நாங்க எதுக்குய்யா ஒசத்தப் போறோம்? வானம் ஊத்துது, ஏரி ரொம்புது."

மறுகரையில் வயதான பெரிய சம்சாரி ஒருவர் இருந்தார். அவர் சத்தம் போடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, என் சரளை மேல் கையை வைத்து அளந்தார்.

"நாலு வெரக்கட. எல்லாரும் பாத்துக்குங்க." ஒரு கல்லைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். வரவில்லை. "அடியில பெருங்கல்லு, மேல பொடிக்கல்லு, கயிறு புடிச்ச மாதிரி நேரு. வெளையாட்டுக்குப் போட்டதில்லய்யா இது. கைதேர்ந்த வேலைக்காரன் போட்டிருக்கான். எந்த ஊரு கொத்தனாரக் கூட்டியாந்தீங்க?"

எங்கள் ஊர்க்காரர்களும் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் முணுமுணுத்தார்: "வேல சுத்தமாத்தான்யா இருக்கு."

நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அதுவரை என்னை யாரும் எதற்கும் மெச்சியது கிடையாது. ஃபெயிலானவன், ஊர் சுற்றி, உருப்படாதது, இதுதான் என் பேர். ஐம்பது ஆம்பிளைகள் குனிந்து நின்று என் வேலையைப் பார்க்கிறார்கள். என் நெஞ்சு என் பேச்சைக் கேட்கவில்லை.

"நான்தான் போட்டேன்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். மறுகரைப் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா? எதுக்குடா போட்டே?"

"அக்கா பள்ளிக்கூடம் போறதுக்கு. சேத்துல சைக்கிள் மாட்டுதுல்ல, அதுக்கு."

அப்புறம் ஒருத்தன் சிரித்தான் பாருங்கள், இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்தது. அடித்துக்கொள்ள வந்தவர்கள் ஒன்றாகச் சிரித்தார்கள்.

"பொட்டப்புள்ள படிக்கப் போறதுக்கு முந்நூறு அடிக்குக் கல்லு கட்டுவானாம்ல! கேட்டீங்களாய்யா கதைய?"

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்து வச்சிருக்காங்க பையனுக்கு."

பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "யாரு வூட்டுப் பையன் இவன்?" என்று கேட்டார்.

அப்பா முன்னால் வந்தார். அவர் நிலம் முதல் மடைக்கு நேர் கீழே. ஏரியில் நாலு விரல் தண்ணீர் கூடினால் முதலில் லாபம் அவருக்குத்தான். இதை யாரோ சொன்னதும் கூட்டத்தில் எல்லா முகமும் ஒரே மாதிரி ஆனது.

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. நான் இந்தப் பக்கம் வந்தே மாசமாச்சு" என்றார் அப்பா.

"எதை வச்சுடா இடிச்சே?" என்று பெரியவர் என்னைக் கேட்டார்.

"அம்மாவோட உலக்கை."

"ஒனக்குத் தெரியாம ஒன் வூட்டு உலக்கை நடந்து வந்துச்சாய்யா?" என்றார் அப்பாவிடம்.

அப்பா என்னைப் பார்த்தார். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

நான் கத்தினேன். கொப்புளம் காய்ந்த கையைக் காட்டினேன். எந்தக் காட்டில் கல் பொறுக்கினேன் என்று சொன்னேன். ஒருத்தரும் கேட்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள்தான் இன்னும் மோசம். ஊர்ப் பேர் கெடாமல் ஒரு ஆளோடு பழி போனால் சரி என்று நின்றார்கள். பேசி முடித்ததும் அப்பாவைத் தண்ணீரில் இறக்கினார்கள். எங்கள் பக்கம் ஏரித் தண்ணீரைக் கையில் அள்ளிச் சொல்கிற சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அப்பா அள்ளினார்.

"எங்க வூட்டு சக்கரம் இனிமே இந்தக் கரையில ஏறாது."

கடப்பாரை கொண்டுவந்து என் சரளையைப் பெயர்த்தார்கள். பெயர்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அதுகூட ஒரு பெருமை என்று நான் அப்போது நினைத்தேன், மடையன். கல்லையெல்லாம் கரை ஓரத்தில் குவித்தார்கள்.

இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். நாலு விரல் சரளை அவ்வளவு பெரிய ஏரியை நிறுத்தியிருக்குமா? வெறும் கல் என்றால் இடுக்கில் ஒழுகிவிடும். ஆனால் நான் இடுக்கில் சரளையும் களிமண்ணும் வைத்து இடித்தேனே. கொஞ்சம் நிறுத்தியும் இருக்கலாம். தெரியவில்லை. அந்தப் பெரியவர் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுவும் ஒரு எரிச்சல்.

அக்காவின் படிப்புக்காக நான் செய்து பார்க்காதது இல்லை. தார்ரோட்டில் சுற்றிப் போகிறோம் என்றேன். "பதினொரு மைலு, லாரிக்கு அடியில போயி சாவுறதுக்கா?" என்றார் அப்பா. நடந்து போகிறோம் என்றேன். "அந்த ஊருல போயி எம் பொண்ணு நிக்கணுமா? கலிங்குக்காரன் மகள்னு கையை நீட்டுவான்" என்றார். நான் மட்டும் நடந்து போய்ப் பெரிய வாத்தியாரைப் பார்த்தேன். அவர் நல்லவிதமாகத்தான் பேசினார்.

"நல்லாப் படிக்கிற புள்ளடா. ஒங்கப்பாவ ஒரு தடவை வந்து, இனிமே ஒழுங்கா அனுப்புறேன்னு ஒரு கையெழுத்துப் போடச் சொல்லு. பேரை நான் வச்சிருக்கேன்."

ஓடி வந்து சொன்னேன். அப்பா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

"பொய்யன்னு பேரு வாங்குன ஊருக்கு, கையெழுத்துப் போடப் போவணுமாக்கும்."

அம்மா உள்ளேயிருந்து, "எட்டாவது போதும்யா. எங்கள்ல யாரு எட்டாவது படிச்சா?" என்றாள். அக்கா நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் நிற்கவில்லை.

தை பிறப்பதற்குள் பேர் எடுத்தாகிவிட்டது. வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். நான் பாய் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஏரியைச் சுற்றிக்கொண்டு நடந்தே போனேன், கரையில் சக்கரம் ஏற்றவில்லை. அங்கிருந்துதான் இந்த மூன்று கடையும். அது வேறு கதை. அதைச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வராது.

அடுத்த வருஷம் சர்க்கார் வேறு இடத்தில் சிமெண்டுக் கலிங்கு கட்டியது. பழைய கலிங்கு வெறும் பள்ளமானது. அறுப்புக் காலத்தில் நெல்வண்டி போக வழி வேண்டும் என்று இரண்டு ஊரும் சேர்ந்து பேசி, ஓரத்தில் குவிந்து கிடந்த கல்லை எடுத்து அதே பள்ளத்தில் பரப்பினார்கள். என் கல். அதில் முதல் ஆளாய் வண்டி ஓட்டியவர்களில் எங்கள் அப்பாவும் ஒருவர். எனக்கு ரத்தம் கொதித்தது.

"தண்ணி அள்ளிச் சொன்னீங்களேப்பா?"

"அது பழைய கலிங்குக்குச் சொன்னதுடா. இப்பதான் இது கலிங்கே இல்லியே" என்றார். அவ்வளவு லேசாக. நெல்லுக்கு அவிழ்ந்த சத்தியம், அவளுக்கு அவிழவில்லை.

அந்த மாசி மாதம் தலைப்பிரசவத்துக்காக அக்காவை அழைத்து வந்தோம். அப்பா வண்டி ஓட்டினார். நான் பின்னால் நடந்தேன். பள்ளத்தில் வண்டி இறங்கியதும் அக்கா, "நிறுத்துங்கப்பா, குலுங்குது" என்று இறங்கிக்கொண்டாள். வண்டி முன்னால் போயிற்று. அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, வெறுங்காலோடு அந்தக் கல் மேல் மெதுவாக நடந்தாள். கல்லெல்லாம் கண்டபடி கொட்டிக் கிடந்தது. பெரிசும் சின்னதும் கலந்து, காலை வைத்தால் உருண்டது. நான் கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள்.

அவள் கேட்பாள் என்று நான் அத்தனை மாதமும் காத்திருந்தேன். அன்றைக்கு ஏன்டா வாயைத் திறந்தாய் என்று. ஒரு சொல் கேட்டிருந்தால் நானும் அழுது தொலைத்திருப்பேன். நடுப்பள்ளத்தில் நின்று மூச்சு வாங்கினாள். காலடியில் கிடந்த கல்லைப் பெருவிரலால் தள்ளிப் பார்த்தாள்.

"இது என்னடா போட்டிருக்கானுவ. நீ போட்டதுதான்டா நல்லா இருந்துச்சு" என்றாள்.

குத்திக்காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகத்தான் சொன்னாள்.

என் வேலையை யார் மெச்சினாலும் பதிலுக்கு நாலு வார்த்தை நானும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறவன் நான். அன்றைக்கு அவள் கையை விட்டுவிட்டு, அவள் கால் வைக்கப்போகும் இடத்தில் கிடந்த பெரிய கல்லையெல்லாம் குனிந்து பொறுக்கி ஓரத்தில் போட்டுக்கொண்டே, அந்தப் பள்ளம் முடிகிற வரைக்கும் முன்னால் போனேன்.